வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன் படகுத் தளத்தைத் தட்டிப் பாருங்கள்

புதிதாக வாங்கிய எட்டு மீட்டர் பாய்மரப் படகின் மேல்தளத்தை மூன்றாவது வருடம் நானே அறுத்துத் திறந்தேன். தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருந்த பால்சா என்ற லேசான மரம் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது. தயாரித்த நிறுவனம் ஒரு பைசா தரவில்லை. நான் போட்ட ஒரு கையெழுத்தையும், நானே எடுத்துப் பகிர்ந்த சில படங்களையும் வைத்து என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். படகு வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பதினான்காவது மாதம் வலப்பக்க ஜன்னலுக்குக் கீழே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றைப் பார்த்தேன். அதற்கு நேர் மேலேதான் செயின்பிளேட் இருக்கிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் வந்து கட்டப்படும் உலோகப் பட்டை அது. நல்ல காற்றில் அது விட்டுப்போனால் பாய்மரமே சாய்ந்துவிடும். அதனால் அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதினேன். கேபினுக்குள் ஆட்கள் தூங்கும்போது மூச்சில் வரும் ஈரம்தான் படிந்திருக்கும், காற்றோட்டம் வையுங்கள் என்று பதில் வந்தது. விடாமல் எழுதிய பிறகு டீலர் ஓர் ஆளை அனுப்பினார்.

வந்தவர் பட்டையைக் கழற்றவே இல்லை. சுற்றிலும் துடைத்துவிட்டு வெளிப்பக்கம் சிலிகானைப் பிதுக்கி விரலால் தடவினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு தாளை நீட்டினார். ‘நீர்க்கசிவு முழுமையாகச் சரிசெய்யப்பட்டது, உரிமையாளர் பரிசோதித்துத் திருப்தி தெரிவித்தார்’ என்று அதில் அச்சடித்திருந்தது. வேலைக்கு வந்தவரைக் காக்க வைக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் எதையும் பரிசோதிக்கவில்லை. ஈரம் பட்டால்தானே கசிகிறதா என்று தெரியும்?

அன்று நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலைதான். ஹோஸ் குழாயில் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பீய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கிவிடும். இரண்டையும் செய்து பார்க்க விடமாட்டேன் என்று ஆள் அவசரப்படுத்தினால், அந்தத் தாளிலேயே ‘பரிசோதிக்கப்படவில்லை, வெளிப்பூச்சு மட்டும் செய்யப்பட்டது’ என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறாவது மாதம் தளம் காலுக்குக் கீழே லேசாக அமுங்க ஆரம்பித்தது. வாரண்டி இரண்டு வருடம். பழைய புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டுவிட்டது, இது புதுப் புகார், காலம் கடந்தது என்றார்கள். இதைக்கூட எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கடிதத்தோடு இணைத்திருந்த படங்களைத்தான் எதிர்பார்க்கவில்லை. எல்லாமே நான் எடுத்தவை.

முதல் வருடத்தில் பாய் ஏற்றும் கயிறுகளையும் பாயைச் சுருக்கும் கயிறுகளையும் படகை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். தனியாக ஓட்டும்போது அலையில் பாய்மரத்தடிக்குப் போகாமல் இருக்கலாம் என்பதற்காக. கேபின் கூரையில் பத்துத் துளை போட்டேன். அதே மாடல் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டதால், எங்கே என்ன பொருத்தினேன் என்று அளவோடு படம் எடுத்து அனுப்பினேன். இந்த மாதிரி மாற்றங்களை நாங்கள் எப்போதும் ஒருவருக்கொருவர் பகிர்வோம். எனக்கும் நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் எப்படியோ நிறுவனத்தின் கைக்குப் போய், ‘உரிமையாளர் அனுமதியின்றித் தளத்தைத் துளைத்ததே ஈரத்துக்குக் காரணம்’ என்ற ஒரு வரியோடு எனக்கே திரும்பி வந்தன.

என் துளைகள் செயின்பிளேட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தன. அவற்றை முறைப்படிதான் போட்டேன்: பெரிய துளையாகப் போட்டு, ஓரத்து பால்சாவைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சி என்ற இறுகும் பசையை நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் போல்ட்டுக்கான துளை. இப்படிச் செய்தால் போல்ட் ஓரம் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஆனால் ஒரு படத்தில்கூட இந்த வேலை இல்லை. முடிந்த பிறகு பளபளவென்று இருந்ததைத்தான் எடுத்திருந்தேன். படகில் ஏதாவது மாற்றப் போகிறவர்கள் துளைக்கும் முன், துளைத்த பின், நிரப்பிய பின் என்று தேதியோடு படம் எடுங்கள். துளையிலிருந்து வந்த மரத்தூள் காய்ந்திருக்கிறதா என்பதும் படத்தில் தெரியட்டும். முடிந்தால் துளைக்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சொந்தச் செலவில், படகுகளைப் பரிசோதித்து அறிக்கை தரும் தனி சர்வேயரை அழைத்தேன். ஈரமானியில் செயின்பிளேட் ஓரம்தான் அளவு உச்சத்தில் இருந்தது. கூரையை நோக்கிப் போகப் போகக் குறைந்தது. என் பத்துத் துளைகளைச் சுற்றிலும் காய்ந்திருந்தது. ‘எங்கள் ஆள் எடுத்த அளவு இல்லை’ என்று அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். சரி, உங்கள் ஆளை அனுப்புங்கள் என்றேன். அதற்குப் பதிலே வரவில்லை.

அதன் பிறகு அதே மாடல் படகுகளைத் தேட ஆரம்பித்தேன். படகின் பின்சுவரில் வலப்பக்க மேல்மூலையில் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் கடைசி நான்கு இடங்களைப் பாருங்கள்: முதலில் வரும் எழுத்து தயாரித்த மாதம், அடுத்த இலக்கம் தயாரித்த வருடம், கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். ஏ என்றால் ஜனவரி. இதை வைத்து என் படகோடு சேர்ந்து செய்யப்பட்ட ஏழு படகுகளின் உரிமையாளர்களைப் பிடித்தேன். எல்லாரும் தட்டிப் பார்த்தார்கள். ஐந்து படகில் அதே இடத்தில் ‘தொப்’. அதில் ஒரு படகில் வாங்கிய நாளிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட யாரும் புதிதாக ஏற்றவில்லை. அந்தப் படகுதான் எங்கள் எல்லாருக்கும் சாட்சி.

ஐந்து பேரும் நானும் சேர்ந்து எழுதிய பிறகுதான் குரல் மாறியது. புதுப் பட்டைகளும் எபாக்சியும் இலவசமாகத் தருகிறோம், கூலி உங்களுடையது, ஆனால் இதைப் பற்றி வெளியே பேசமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இருவர் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பருவம் தொடங்கிவிட்டது. என்னால் முடியவில்லை. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க முடியாது.

திறந்து பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. பட்டை தளத்தைக் கடக்கும் இடத்தில் பால்சாவை எடுக்கவும் இல்லை, எபாக்சி நிரப்பவும் இல்லை. அறுத்த மரம் எந்தப் பூச்சும் இல்லாமல் அப்படியே நின்றது. மேலே, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் கொஞ்சம் மட்டும். பாய்மரக் கம்பி இழுக்கும்போதெல்லாம் பட்டை அசையும், சீலண்ட் விட்டுப்போகும். பட்டையின் மேல் முனையும் கீழ் முனையும் புதிது போல மின்னின. தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் குழிகுழியாக அரித்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றே போகாத ஈர இடுக்கில் அது உள்ளுக்குள் தின்னப்படும். வெளியே சிலிகான் பூசியது இருந்த ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைத்துவிட்டது.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் உண்டு. 2014 மே மாதம் ‘சீக்கி ராஃபிகி’ என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக் நடுவே, படகைக் கவிழாமல் பிடிக்கும் அடிப்பக்கக் கனத் துடுப்பான கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் திரும்பவில்லை. உள்ளே ஒட்டு பிரிந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. அது வேறு படகு, வேறு பாகம். ஆனால் மேலே பளபளப்பும் உள்ளே பலவீனமும் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு, ‘மூச்சின் ஈரம்’ என்று எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு பக்கப் பட்டைகளையும் மாற்றி, சுற்றிலும் மரத்தை எடுத்துவிட்டு எபாக்சி நிரப்பி, ரப்பர் போல ஒட்டி இடுக்கை அடைக்கும் பியூட்டைல் டேப் வைத்துப் பொருத்தினேன். ஹோஸ் வைத்துப் பார்த்தேன், உள்ளே சொட்டுகூட வரவில்லை. அரித்த பட்டையைப் பெயரும் தேதியும் எழுதிய பையில் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்க்ரூகூட ஏற்றாத அந்தப் படகின் உரிமையாளர் பாய்மரத்தை இறக்கிவிட்டு, பிள்ளைகளை ஏற்றாமல், மூன்று மாதமாக நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறார்.