துணியின் கனம் தெரிகிற படங்கள்

ஃபேஷன் இதழைப் புரட்டும்போது என் கண் முதலில் போவது தோள்பட்டைக்கு. சட்டைக் கை எந்த இடத்தில் ஏறியிருக்கிறது, அக்குளில் சுருக்கம் விழுகிறதா, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவேன். 22 வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் வந்த பழக்கம். எனக்குப் பிடித்த படங்களை எடுத்து வைக்க ஒரே அளவுதான் வைத்திருக்கிறேன்: பார்த்த உடனே அந்தத் துணி எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரிய வேண்டும்.

அந்த அளவில் முதல் இடம் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடானின் யானைப் படத்துக்கு. 1955 ஆகஸ்டில், பாரிஸில் உள்ள சிர்க் டிவேர் சர்க்கஸ் அரங்கில், ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக எடுத்தது. நடுவில் மாடல் டோவிமா கைகளை விரித்து நிற்கிறார், சுற்றிலும் யானைகள். அவர் போட்டிருப்பது டியோர் நிறுவனத்தின் கறுப்பு மாலை உடை. அதை வடிவமைத்தவர் அப்போது அங்கே உதவியாளராக இருந்த இளைஞர் ஈவ் சான் லோரான். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கீழே இறங்குகிறது. யானையின் தோலில் ஆயிரம் சுருக்கம். உடம்போடு ஒட்டிய அந்தக் கறுப்பு உடையில் தேடினால்கூட ஒன்றும் கிடைக்காது. யானையின் காலில் சங்கிலி இருப்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். அன்றைக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இன்றும் அந்த மூலையைப் பார்க்காமல் கடக்க முடியவில்லை.

அவெடானுக்கே இந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. அந்த வெள்ளைப் பட்டை இடது பக்கமாகப் பறந்திருந்தால் படத்தின் கோடு நிறைவாகியிருக்கும், ஏன் அப்படிச் செய்யாமல் விட்டேன் என்று பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். யானைகள் காலைத் தூக்கி அசைகின்றன, டோவிமாவின் கைகள் இரண்டு பக்கமும் நீள்கின்றன. அத்தனைக்கும் நடுவில் அந்தப் பட்டை மட்டும் தன் கனத்துக்குத் தானாகத் தரையை நோக்கி விழுகிறது. பறக்கவிட்டிருந்தால் அது ஷிஃபான் மாதிரி ஆகியிருக்கும். வெட்டித் தைத்தவர்களின் உழைப்பு எனக்கு அந்த விழுகிற கோட்டில்தான் தெரிகிறது.

துணி பறக்க வேண்டிய இடத்தில் பறக்கவும் வேண்டும். அதற்கு மார்ட்டின் முன்காச்சி. ஹங்கேரியில் விளையாட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். 1933-இல் அதே ஹார்ப்பர்ஸ் பஜாருக்காக, நீச்சலுடை போட்ட லூசில் புரோக்காவைக் கடற்கரையில் ஓடச் சொல்லிப் படம் எடுத்தார். ஸ்டூடியோவில் சிலை மாதிரி நிற்க வைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தோளில் போட்ட மேலங்கி பின்னால் உப்பிப் பறக்கிறது. ஆடை என்பது நடக்க, ஓட, மூச்சு வாங்கப் போடுவது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். எர்வின் புளூமன்ஃபெல்ட் 1939-இல் ஈஃபில் கோபுரத்தின் விளிம்பில் மாடல் லிசா ஃபான்சக்ரீவ்ஸை நிற்க வைத்து எடுத்ததும் பிடிக்கும். ஆனால் அதில் பாவாடையைப் பார்ப்பதற்குள் பயம் வந்துவிடுகிறது.

அதே லிசா இர்விங் பென்னின் கேமரா முன்னால் நின்றபோது வந்த படங்கள் வேறு ரகம். 1950-இல் வோக் இதழுக்காகப் பாரிஸில் எடுத்தவை. பின்னால் தொங்குவது பழைய நாடக அரங்கத் திரை, அழுக்கேறிய சாம்பல் நிறம். மேல்மாடி ஸ்டூடியோவில் பகல் வெளிச்சம். அவ்வளவுதான். அந்த வரிசையில் ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் உடையில் உள்ள ஒரு கையை மட்டுமே விஷயமாக எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. அதில் இருப்பவர் ரெஜீன் டெப்ரீஸ். பலென்சியாகாவுக்குக் கை சரியாக உட்காராவிட்டால் தூக்கம் வராது; தைத்து முடித்ததைப் பிரித்து மறுபடி ஏற்றுவார். நானும் ஒரு பஃப் கைக்காக ஒரே ராத்திரியில் மூன்று தடவை பிரித்திருக்கிறேன். உள்ளே ஆர்கன்சா என்கிற மெல்லிய விறைப்பான துணியை வைத்தால் விறைத்துக்கொண்டு நின்றது, எடுத்தால் தொங்கிப்போனது. பென்னின் படத்தில் அந்தக் கை விறைக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. உள்ளே காற்று அடைத்த மாதிரி நிற்கிறது, வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் ஒவ்வொரு மடிப்பும் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று எண்ணிவிடலாம். தையல் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குப் பேட்டர்ன் புத்தகத்துக்கு முன்னால் இதைத்தான் காட்டுகிறேன்.

இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கம்ப்யூட்டரில் துடைத்துத் துடைத்து வருகிற படங்கள் பொறுக்கவில்லை. போன மாதம் ஓர் இதழ் வாங்கினேன். அட்டையில் நல்ல லினன் கோட். தோளிலிருந்து இறங்குகிற தையல் முழங்கைக்கு மேலேயே மாயமாகிவிட்டது! முகத்துச் சுருக்கத்தை எடுக்கிற கையோடு துணிச் சுருக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். கசங்காத லினன் லினனே இல்லை. கோபமாக வந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து தைத்த தையல் அது.

அப்புறம், இந்தப் படங்களைப் போனில் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கறுப்பு உடை சின்னத் திரையில் ஒரே கறுப்பாகப் போய்விடும். நல்ல அச்சில் கறுப்புக்குள்ளேயே நாலைந்து கறுப்பு இருக்கும், தையல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய இதழோ படத் தொகுப்போ நூலகத்தில் கிடைத்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கடைசியாகப் புகைப்படக்காரர் லிலியன் பாஸ்மன். பல வருஷம் இவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. படத்தை அச்செடுக்கும் இருட்டறையில் மெல்லிய துணி, டிஷ்யூ எல்லாம் வைத்துக் கோடுகளைக் கலைப்பார், பிளீச் போட்டு வெளுக்க வைப்பார். உடை புகை மாதிரி ஆகிவிடும். நீ இங்கே கலை செய்ய வரவில்லை, பொத்தானையும் ரிப்பனையும் காட்ட வந்திருக்கிறாய் என்று ஹார்ப்பர்ஸ் பஜார் ஆசிரியர் கார்மல் ஸ்னோவே அவரைக் கண்டித்திருக்கிறார். நானும் ஸ்னோ கட்சிதான். 1970-களில் பாஸ்மன் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டார். மிஞ்சிய சில 1990-களில் அவர் வீட்டிலேயே கிடைத்தன. அவற்றை மறுபடி அச்செடுத்தபோது முன்பைவிட இன்னும் கலைத்தார். அப்படி ஒரு படத்தைப் போன வருஷம் ஒரு தொகுப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அந்த ஷிஃபானை 9-ஆம் நம்பர் ஊசி போட்டு, மெஷினை மெதுவாக மிதித்துத்தான் தைக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்தது.