அங்கோர் பார்த்தாச்சு, மாலையில் எங்கே?

கம்போடியாவில் அங்கோர் கோயில்களைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரான சியாம் ரீப்பில் ஒரு மாலை மிச்சமிருந்தால் என் கணக்கில் இரண்டு வழி: டோன்லே சாப் ஏரிக்கரையில் உள்ள கம்போங் ப்ளுக் கிராமம், இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஃபாரே சர்க்கஸ்.

கம்போங் ப்ளுக்கின் அழகு முழுக்கத் தண்ணீரைப் பொறுத்தது. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வடியும் டோன்லே சாப் ஆற்றையே எதிர்த்திசையில், ஏரியை நோக்கி ஓடவைக்கும். ஏரி பல மடங்கு விரியும். அப்போது உயரமான தூண்கள் மேல் நிற்கும் வீடுகளைக் கடந்து, மூழ்கிய காட்டுக்குள் படகில் போகலாம். ஏப்ரலில் போனால் சேறும் தூசியும்தான்.

சர்க்கஸுக்குப் பருவக் கணக்கு இல்லை. விலங்குகளும் கிடையாது. அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994-இல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்றவர்கள், நேரடி இசையோடு கெமர் (கம்போடிய) கதைகளை நடிக்கிறார்கள். டிக்கெட் வருமானம் அந்தப் பள்ளிக்கும் உதவுகிறது.

கோடையில் யோசிக்கவே வேண்டாம், சர்க்கஸ்தான். அக்டோபரில் என்றால் சரி, பகலில் படகு, அப்புறம் இரவு சர்க்கஸ்.