கோட்டைப் புகையிரதத்தில் வாசித்த கிழக்காசியச் சிறு நாவல்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் வேலைக்குப் போய்வரும் எனக்குத் தடித்த நாவல்களோடு உறவு வைத்துக்கொள்ள முடிவதில்லை. காலையில் கதவோரம் நின்றபடி பத்துப் பக்கம், மாலையில் இருக்கை கிடைத்தால் இன்னும் பதினைந்து பக்கம் என்று வாசிப்பவனுக்கு ஒன்றரைக் கிழமைக்குள் முடிந்துவிடும் புத்தகமே பொருத்தமானது. அப்படித் தேடப்போய்த்தான் கடந்த மூன்று ஆண்டுகளாக ஜப்பானிய, கொரிய, சீனச் சிறு நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து வருகிறேன். இவற்றில் பெரும்பாலானவை உள்ளத்தை உருக்கும் கதை என்ற பின்னட்டை வாசகத்தோடுதான் கடைக்கு வருகின்றன. அவற்றுள் எது தானாக உருக்குகிறது, எது நம்மிடம் கண்ணீரைக் கேட்டு வாங்குகிறது என்று பிரித்தறிய எனக்குச் சில ஆயிரம் ரூபா செலவாயிற்று. அந்தச் செலவை அலுவலக நண்பர்களும் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வாசிக்கச் சொல்வது துரியன் சுகேகாவாவின் 'ஸ்வீட் பீன் பேஸ்ட்'. ஜப்பானில் 2013இல் வெளிவந்த இந்நாவலை நவோமி கவாசே 2015இல் திரைப்படமாக்கினார். அலிசன் வொட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் வந்தது. தொராயாகி என்பது இரண்டு சிறிய அப்பங்களுக்கு நடுவே இனிப்பான பயற்று விழுதை வைத்து விற்கும் பண்டம். அதை விற்கும் கடையொன்றை டோக்கியோவில் நடத்துகிறான் சென்தாரோ. விருப்பத்தினால் அல்ல, பழைய கடனொன்றைத் தீர்ப்பதற்காக. விழுதைக்கூடத் தன் கையால் செய்யாமல், மொத்த வியாபாரியிடம் வாங்கிப் பூசுகிறான். கோணிய விரல்களோடு வேலை கேட்டு வரும் தொக்குவே என்ற மூதாட்டி, அந்த விழுதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, அரை நூற்றாண்டாகத் தான் செய்துவரும் விழுதை ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார். அதன் பிறகு விடியும் முன்பே அவர்கள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாகிறது.

பயற்றை ஊறவைப்பதும், கசப்பு நீரை வடிப்பதும், தோல் வெடிக்காமல் அவிப்பதும், பாகு சேர்த்துக் கிண்டுவதும் பல பக்கங்களுக்கு நீள்கின்றன. தொக்குவே ஆவி முகத்தில் அடிக்கும்படி பானைக்குள் குனிந்து, ஒவ்வொரு பயறும் பட்ட வெயிலையும் மழையையும் அதனிடமே கேட்பவர்போல நிற்கிறார். வேறொரு சமூகத்து வாசகருக்கு இந்தப் பகுதி சலிப்பைத் தரலாம். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது நேராது. வறுத்த பயற்றோடு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் எப்போது பதமாகச் சேர்ந்தன என்பதை என் அம்மா தொட்டுப் பார்க்காமலே, தாச்சியிலிருந்து எழும் மணத்தைக் கொண்டு சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு ஒரு நாவலில் இத்தனை பக்கம் கிடைத்திருப்பதை நான் முதன்முதலாகக் கண்டது இங்கேதான்.

தொக்குவேயின் விரல்கள் கோணியதற்குக் காரணம் தொழுநோய். நோய் குணமாகிப் பல காலமான பின்னரும் தொழுநோயாளரை ஊருக்கு வெளியே அடைத்து வைத்திருந்த சட்டத்தை ஜப்பான் 1996இல்தான் நீக்கியது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் தம் பெயரைத் துறந்தார்கள். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அனுமதிக்கப்படவில்லை. நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்குள் தொழுநோயாளரை அனுப்பி வைத்த மாந்தீவு இருக்கிறது. மாந்தீவு என்ற பெயரைச் சிறு வயதில் பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தணிந்த குரலின் பொருள், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பம்பலப்பிட்டி நிலையத்தைத் தாண்டும்போது எனக்கு விளங்கியது. நாவலின் கடைசிப் பகுதியில் கடிதங்கள் சற்று நீண்டு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடியதையும் சொல்லிவிடுகின்றன என்பது உண்மை. ஆயினும் அதற்குள் நாம் தொக்குவேயின் பக்கம் சேர்ந்துவிட்டோம்.

யோகோ ஒகாவாவின் 'த ஹவுஸ்கீப்பர் அன்ட் த புரொபெசர்' இதைவிடச் செம்மையான நூல். நான் ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். 2003இல் வெளிவந்த இந்நாவல், ஜப்பானியப் புத்தகக்கடை ஊழியர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் பரிசின் முதலாவது ஆண்டில், 2004இல், வென்றது. 1975இல் நேர்ந்த வாகன விபத்துக்குப் பின், கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு எந்தப் புதிய நினைவும் 80 நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. மறக்கக்கூடாதவற்றைத் துண்டுக் காகிதங்களில் எழுதித் தம் கோட்டில் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு காலையும் வீட்டுப் பணிப்பெண் அவருக்குப் புதியவளாகிறாள். ஒவ்வொரு காலையும் அவளுடைய சப்பாத்து அளவைக் கேட்டே அவர் பேச்சைத் தொடங்குகிறார்.

கணிதம் என்றதும் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அவளுடைய பிறந்தநாள் பெப்ரவரி 20, அதாவது 220. அவருடைய பரிசுக் கைக்கடிகாரத்தில் பொறித்திருக்கும் எண் 284. 220இன் காரணிகளில் அதனைத் தவிர்த்து 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110 ஆகியவற்றைக் கூட்டினால் 284 வரும். 284இன் காரணிகளான 1, 2, 4, 71, 142 ஆகியவற்றைக் கூட்டினால் 220 வரும். கணிதத்தில் இவற்றுக்கு நட்பு எண்கள் என்று பெயர். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஒரு பெண்ணும், நேற்றைய நாளே இல்லாத ஒரு முதியவரும் இந்தக் கூட்டலைத் தாளில் எழுதிப் பார்க்கும் காட்சியில் ஒகாவா அன்பு என்ற சொல்லை எங்கும் பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை. நானும் புகையிரதச் சீட்டின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தேன். விடை சரியாகவே வந்தது.

அவளுடைய பத்து வயது மகனுக்கும் பேராசிரியருக்கும் பேஸ்போலில் பைத்தியம். பேராசிரியர் போற்றும் எனாட்சு என்ற வீரர் அவர்களுக்குப் பிடித்த அணியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்ட செய்தியைத் தாயும் மகனும் அவரிடமிருந்து மறைக்கிறார்கள். அர்ஜுன ரணதுங்கவே இன்னும் அணித்தலைவர் என்று நம்பியிருக்கும் ஒரு பெரியவரோடு ஒரு பிற்பகல் முழுவதும் கிரிக்கெட் பேசுவதைக் கற்பனை செய்தால், அந்தப் பொய்யில் எவ்வளவு கவனம் வேண்டியிருக்கும் என்பது புரியும்.

பனானா யொஷிமோட்டோவின் 'கிச்சன்' 1988இல் வந்தது. மேலே சொன்ன இரண்டையும்விடச் சிறியது. தன்னை வளர்த்த பாட்டியும் இறந்த பின் தனித்துவிடப்பட்ட மிக்காகே, வீட்டில் வேறெங்கும் உறக்கம் வராமல் குளிர்சாதனப் பெட்டியின் அருகே படுத்துக்கொள்கிறாள். எங்கள் அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்துபோன இரவு, தொடர்மாடி வீட்டின் சமையலறையில் அந்தப் பெட்டியின் இரைச்சல் ஒன்றே ஆள் இருப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே இந்நாவலை நடுநிலையாக மதிப்பிட என்னால் இயலாது. மொழிநடை சில இடங்களில் பதின்பருவத்து நாட்குறிப்புப்போல இருக்கிறது என்ற குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மிக்காகே நள்ளிரவில், தான் உண்டு வியந்த ஒரு சாதாரணச் சோற்றுணவின் இன்னொரு பொதியை எடுத்துக்கொண்டு, வாடகை வண்டி பிடித்து, துயரத்தில் முடங்கியிருக்கும் தன் நண்பன் யூயிச்சியின் விடுதிக் கூரைமீது ஏறும் பகுதி அந்தக் குறைகளை எல்லாம் மறக்கச் செய்கிறது. செத்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அவள் ஏன் ஏறினாள் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி எல்லாப் புத்தகக்கடைகளிலும் வாசலருகே அடுக்கி வைத்திருக்கும் 'பிஃபோர் த கொஃபி கெட்ஸ் கோல்ட்'. தொஷிகசு கவாகுச்சி முதலில் மேடை நாடகமாக எழுதி, 2015இல் நாவலாக்கியது. குறிப்பிட்ட ஒரு கதிரையில் அமர்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். கோப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போய் என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. இந்தக் கற்பனை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விதிகளை நான்கு கதைகளிலும் திரும்பத் திரும்ப ஓதுகிறார்கள்; ஒருவர் உள்ளே வந்தால் அவர் உடுத்தியிருப்பது என்ன, எந்தக் கதிரைக்கு நடக்கிறார் என்பதெல்லாம் நாடகப் பிரதியின் குறிப்புகளைப் போலவே எஞ்சியிருக்கின்றன. எங்கே அழ வேண்டும் என்பதையும் ஆசிரியரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். சகோதரிகளின் கதை மட்டும் விதிவிலக்கு. வீட்டாரின் விடுதித் தொழிலைத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு வெளியேறிய அக்காவின் கூச்சத்தை அதில் நம்ப முடிகிறது. இதை வாங்குவதைவிட இரவல் பெறுவதே நல்லது. வைத்திருக்காத நண்பர்கள் குறைவு.

சீனத்திலிருந்து ஒன்றே ஒன்று சொல்வேன்: 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த யூ ஹுவாவின் 'டு லிவ்'. பரம்பரைச் சொத்தைச் சூதில் அழித்த ஃபூகுய், உள்நாட்டுப் போர், பஞ்சம், கலாசாரப் புரட்சி என்று வரிசையாக வரும் காலங்களில் தன் வீட்டாரை ஒவ்வொருவராகப் புதைக்கிறார். இழப்புகளின் எண்ணிக்கையைக் கேட்டால் இதுவும் கண்ணீர்ப் பிழியல் என்றே தோன்றும். யூ ஹுவாவோ ஒவ்வொரு சாவையும் வயல் வேலையைச் சொல்வதுபோல இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறார். முதுமையில் ஃபூகுய்க்கு எஞ்சியிருப்பது ஒரு கிழட்டு எருது. அதற்கும் தன் பெயரையே வைத்திருக்கிறார். உழும்போது இறந்துபோன மனைவி மக்களின் பெயர்களை உரக்கக் கூப்பிடுகிறார். வேறு எருதுகளும் உழுகின்றன என்று எண்ணினால் இது சோர்வடையாதாம். நான் இந்த இடத்தைப் புகையிரதத்தில் வாசித்திருக்கக் கூடாது.

கொரிய எழுத்தாளர் ஹான் காங்கிற்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்த பின் அவரைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்த அக்காவை உப்பு, பனி, சோறு, நிலவு என்று வெள்ளைப் பொருட்களின் வழியே நினைக்கும் 'த வைட் புக்' மிகச் சிறியது. ஆனாலும் அவசரமாக வாசிக்க உகந்ததல்ல, ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும். அவருடைய இன்னொரு நாவல் சமயவேலின் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்ற தலைப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அரிதாகத் தோன்றக்கூடிய அந்தச் சொல், நாம் ஞாயிறுதோறும் சந்தையில் கிலோ விலை கேட்கும் சொல்லாக இருப்பதால், அந்தக் கொடூரமான கதைக்குள் நுழையும்போது எனக்கு ஒரு விசித்திரமான வீட்டு வாசனை வந்தது. தமிழ்ப் பெயர்ப்புகளை வெள்ளவத்தைப் புத்தகசாலைகளில் விசாரிக்கலாம். ஆங்கிலப் பதிப்புகளுக்குச் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுத்திருந்தால் விலைக்கழிவு கிடைக்கும்.

கடைசியாக வைத்திருப்பது கியுங்-சூக் ஷின்னின் 'ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மதர்'. 2008இல் கொரியாவில் வெளிவந்து, 2011க்கான மான் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. சோல் நிலையத்தில் கணவர் சுரங்க ரயிலில் ஏறிவிட, பின்னால் வந்த மனைவி மேடையிலேயே விடுபட்டுக் காணாமல் போகிறார். பிள்ளைகள் கூடித் துண்டுப்பிரசுரம் எழுத அமர்கிறார்கள். தாயின் பிறந்த ஆண்டு ஆவணத்தில் ஒன்று, உண்மையில் வேறொன்று. அண்மைக்காலப் படம் எவரிடமும் இல்லை. எழுத்தாளரான மகளின் நூல்களைத் தாயால் வாசிக்கவே முடியாது, அவருக்கு எழுத்துத் தெரியாது. காணாமல் போனவர், படம், கடைசியாக உடுத்தியிருந்த ஆடை என்ற சொற்கள் இந்த நாட்டுத் தமிழரின் காதில் எப்படி விழும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருக்க முடியாது. இது போரின் கதையல்ல. ஆயினும் முதல் அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

மகளின் பகுதியும் கணவரின் பகுதியும் முன்னிலையில் எழுதப்பட்டிருக்கின்றன. கொரிய மூலத்தில் மகளை விளிக்கும் சொல் வேறு, கணவரை விளிக்கும் சொல் வேறு; ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமிழில் யாரேனும் பெயர்த்தால் நீ என்பதும் நீங்கள் என்பதும் அந்த வேறுபாட்டை மீட்டுத் தரும் என்பதால், இந்த நூலுக்காகவே ஒரு மொழிபெயர்ப்பாளரை எதிர்பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். நான் ஒரு கடையில் மலிவு விலையில் எடுத்த இந்நாவலின் பிரதியில், ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டு ஒன்று இருமுறை கட்டப்பட்டு, இன்னொன்று விடுபட்டிருந்தது. தாயே பேசும் பகுதியில் பதினாறு பக்கங்கள் இல்லை. பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டதால் மாற்றிக் கேட்கவும் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு நூலகத்தில் அதே பதிப்பைத் தேடி எடுத்து, இல்லாத பதினாறு பக்கங்களையும் அலுமாரிக்கு முன்னால் நின்றபடியே வாசித்துவிட்டு வந்தேன்.