செட்டில்மென்ட், தவணைத் திட்டம், திவால்: கடன் கைமீறும்போது எந்த வழி?

‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்’, ‘ஐ.பி. கொடுத்துட்டார்’ என்று ஒருவர் திவாலானதைப் பற்றிச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே பலர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். கடைசியில் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்திருக்கும், கைமாற்று கொடுத்த சொந்தபந்தங்களும் சிக்கியிருப்பார்கள். மூன்று வழிகளையும் முதலிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த இழப்பில் பாதியாவது குறைந்திருக்கும்.

முதல் வழி செட்டில்மென்ட், அதாவது கடன் கொடுத்தவரோடு பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வது. இரண்டாவது, சட்டத்தின் மேற்பார்வையில் சில வருடங்களுக்குத் தவணை கட்டுவது. மூன்றாவது, முழுத் திவால். விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் மூன்றின் அடிப்படைக் குணம் பெரிதாக மாறுவதில்லை.

செட்டில்மென்டில் செலவு குறைவு, வெளியே தெரியாது, சீக்கிரம் முடியும். ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் கடன், கையில் ஒரு தொகையும் இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், ஐந்தாறு பேர் ஆகும்போதுதான் சிக்கல். நால்வர் ஒப்புக்கொண்டாலும் ஐந்தாமவர் வழக்குப் போடுவதைத் தடுக்க இதில் எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே, இதோடு கணக்கு முழுமையாக முடிகிறது என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அப்படி வாங்கினாலும் கடன் வரலாற்றில் அது முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது. குறைத்து முடிக்கப்பட்டது என்றே இருக்கும். அடுத்துக் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. தள்ளுபடியான தொகை பொதுவாக வருமானமாகக் கணக்கிடப்பட்டு, விலக்கு ஏதும் பொருந்தாவிட்டால் அதற்கு வரி வரும். திவாலில் தள்ளுபடியானால் அந்த வரி கிடையாது.

தவணைத் திட்டம், வீட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கானது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தில் இது 3 முதல் 5 வருடம் ஓடும். வீட்டுக் கடனில் விட்டுப்போன தவணைகளை அந்தக் காலத்துக்குள் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் இதற்கு நிகரான ஏற்பாடு செல்லுபடியாக, வாக்களிக்கும் கடன்காரர்களில் கடன் மதிப்பின்படி 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். மறுத்தவர்களும் அப்புறம் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. ஆனால் இதற்கெல்லாம் மாதாமாதம் நிலையான வருமானம் வேண்டும். நடுவில் வேலை போய்த் தவணை நின்றால், திட்டம் கலைந்து பழைய கடன்கள் திரும்பிவரக்கூடும். நம்பிக்கையில் பெரிய தவணைக்கு ஒப்புக்கொண்டு இரண்டாம் வருடம் திணறுவதைவிட, இந்த வழி நமக்கு ஒத்துவராது என்று ஆரம்பத்திலேயே விலகுவது மேல்.

சரி, முழுத் திவால். பலர் நினைப்பதுபோல உடுத்திய துணியைத் தவிர எல்லாம் போய்விடுவதில்லை. அன்றாட வீட்டுச் சாமான்கள், பிழைப்புக்கான கருவிகள் போன்றவற்றை ஒரு மதிப்பு வரை பெரும்பாலான சட்டங்கள் விட்டுவைக்கின்றன. மீதிச் சொத்து அதற்கென நியமிக்கப்படும் நிர்வாகியிடம் போகும், அவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். அமெரிக்காவில் மனு போட்ட கணத்திலிருந்தே வசூல் அழைப்புகளும் சம்பளப் பிடித்தமும் பெரும்பாலான வழக்குகளும் நின்றாக வேண்டும். பல மாதங்களாகத் தொலைபேசி மணிக்கே பயந்தவருக்கு அந்த அமைதி எவ்வளவு பெரியது என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

விடுபடும் காலம் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் முழுத் திவாலுக்கான 7ஆம் அத்தியாயத்தில் ஏறக்குறைய 4 மாதம், இங்கிலாந்தில் வழக்கமாக 12 மாதம், ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 வருடமும் ஒரு நாளும். ஆனால் விடுபடுவது வேறு, தழும்பு மறைவது வேறு. கடன் வரலாற்றில் அமெரிக்காவில் 10 வருடம் வரையும், இங்கிலாந்தில் 6 வருடமும் பதிவு நிற்கும். கட்டுப்பாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் திவால் நிலையில் இருப்பவர் நீதிமன்ற அனுமதியின்றிக் கம்பெனி இயக்குநராக முடியாது. சிங்கப்பூரில் அனுமதி பெறாமல் வெளிநாடு போக முடியாது. இந்தியாவில் திவாலிலிருந்து விடுவிக்கப்படாதவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. வாடகை வீடு தேடுவதும் சில வேலைகளுக்கு விண்ணப்பிப்பதும் கடினமாகும். இவை உண்மையான இழப்புகள், குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

திவாலானாலும் போகாத கடன்களும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கிய கடன் ஆகியவை பொதுவாக ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் கல்விக் கடனை நீக்க, மிகக் கடுமையான துன்பத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அடமானக் கடனில் உங்கள் மேலுள்ள பொறுப்பு போனாலும், வீட்டின் மேலுள்ள உரிமை கடன்காரரை விட்டுப் போகாது. ஆக, உங்கள் கடனில் பெரும்பங்கு இந்த வகைகளில் இருந்தால் திவால் உங்களுக்கு அதிகம் உதவாது. கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், மருத்துவச் செலவு என்று ஈடில்லாத கடன்களாகவே இருந்து, வருமானமும் நின்றுபோயிருந்தால், என் கணிப்பில் மற்ற இரண்டைவிட இதுவே அதிகம் காப்பாற்றும்.

ஒப்பிடும்போது நம் ஆட்கள் அநேகமாக மறந்துவிடுவது ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை. நீங்கள் திவாலாகி விடுபட்டாலும் அவர் விடுபடுவதில்லை. கடன்காரர் நேராக அவர் வீட்டுக்குப் போவார். அப்பாவோ தங்கையோ நண்பரோ, உங்களை நம்பியதைத் தவிர எதுவும் செய்யாதவர் அவர். செட்டில்மென்டில் அவரையும் விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். 13ஆம் அத்தியாயத்தில் திட்டம் நடக்கும்வரை, குடும்பச் செலவுக்காக வாங்கிய கடன்களில் கூட்டாகக் கையெழுத்திட்டவருக்கும் பாதுகாப்பு நீள்கிறது. 7ஆம் அத்தியாயத்தில் அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தவணைத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது முற்றிலும் நியாயமான முடிவு.

நெருங்கியவர்கள்மேல் உள்ள பாசத்தில் செய்யும் ஒரு தவறும் இருக்கிறது. மனு போடுவதற்கு முன் சொந்தக்காரரிடம் வாங்கிய கடனை மட்டும் முதலில் தீர்ப்பது, வீட்டை மனைவி பேருக்கு மாற்றுவது. அமெரிக்காவில் நெருங்கிய உறவினருக்கு முந்தைய ஒரு வருடத்தில் கொடுத்ததையும், இங்கிலாந்தில் இரண்டு வருடத்தில் கொடுத்ததையும் திரும்ப வசூலிக்க வழி உண்டு. சொத்தை மறைத்தது தெரிந்தால் கடன் தள்ளுபடியே மறுக்கப்படலாம். ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து செட்டில்மென்டுக்குக் கொடுப்பதும் இதே மாதிரியான அவசரம். பல நாடுகளில் கடன்காரரால் தொட முடியாத பணம் அது.

எனவே வழக்கறிஞரையோ கடன் ஆலோசகரையோ பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் போதும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே எவ்வளவு பாக்கி, எதை ஈடு வைத்தீர்கள், யார் ஜாமீன், எத்தனை மாதமாகத் தவணை நிற்கிறது என்று எழுதுங்கள். ஜாமீன் பத்தியில் வரும் பெயர்க்காரரிடம், கடன்காரரின் கடிதம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே, நீங்களே போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.