நாடி ஓலையும் முற்பிறவிக் கணக்கும்: காண்டம் காண்டமாக ஒரு மதிப்பீடு

ஒவ்வொருவரின் வாழ்க்கையும் முன்கூட்டியே ஓலையில் எழுதப்பட்டிருக்கிறது, அதைத் தேடி எடுத்து வாசிக்கலாம் என்பதுதான் நாடி சோதிடம். கொழும்பில் நாடி பார்க்கப் போகிறவர்கள் தத்துவம் தேடிப் போவதில்லை. கலியாணம் தள்ளிப்போகிறது, பிள்ளைப் பாக்கியம் இல்லை, கனடா விசா மறுபடியும் மறுக்கப்பட்டுவிட்டது என்று போகிறார்கள். திரும்பி வரும்போது கையில் இருப்பது முற்பிறவியில் செய்த பாவங்களின் பட்டியலும் அவற்றைத் தீர்க்க ஆகும் செலவும். ஆகவே இந்தச் சேவையை எடைபோடும்போது “பெயர் சரியாக வந்ததா” என்பதோடு நிறுத்த முடியாது. மறுபிறவி என்ற நம்பிக்கையை அது என்ன பாடுபடுத்துகிறது என்பதையும் பார்க்கவேண்டும். எந்த நிலையத்தின் பெயரும் இங்கே இல்லை. வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் முறை ஒன்றுதான். வாசிப்பவர்கள் தங்கள் மூலமாகச் சொல்லும் ஊரும் பெரும்பாலும் ஒன்றுதான்: மயிலாடுதுறைப் பக்கத்து வைத்தீசுவரன்கோயில்.

முதலில் பெருவிரல் ரேகை. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. ரேகைகள் 108 வகை என்றும், அந்த வகைக்குரிய ஓலைக் கட்டுக்குள்தான் உங்கள் ஓலை இருக்கிறது என்றும் சொல்வார்கள். உலகத்தில் ஏறத்தாழ 800 கோடிப் பேர். 108ஆல் வகுத்தால் ஒரு வகைக்கு 7.4 கோடிப் பேர் வருவார்கள். இலங்கையின் சனத்தொகையை மூன்றால் பெருக்கினாலும் அந்தளவுக்கு வராது. ஆகவே ரேகை எதையும் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிப்பது கேள்விகள்.

வாசிப்பவர் ஓலையைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொன்றாகக் கேட்பார்: “அப்பா பேர்ல முருகன் பேர் வருதுங்களா?” “கூடப் பிறந்தவங்க ரெண்டு பேருங்களா?” நீங்கள் “ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டும் சொல்லவேண்டும். “இல்லை” என்றால் இது உங்கள் ஓலை அல்ல என்று அடுத்ததற்குப் போய்விடுவார். தவறான ஊகமெல்லாம் “வேறொருவரின் ஓலை” என்று கழிந்துவிடும். சரியானது மட்டும் மனதில் தங்கும். தமிழ் எழுத்துகள் 247. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் எட்டுக் கேள்வியில் ஓர் எழுத்தைப் பிடித்துவிடலாம், 2ஐ எட்டு முறை பெருக்கினால் 256. இருபது கேள்வி கேட்டால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சாத்தியங்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கலாம். முக்கால் மணி நேரம் போனபின் “உங்கள் ஓலை கிடைத்துவிட்டது” என்று வாசிக்கப்படுவது நீங்களே கொடுத்த விடைகளின் தொகுப்பு. அதைச் செய்யுள் நடையில், இராகத்தோடு கேட்கும்போது மயிர்க்கூச்செறியத்தான் செய்யும். அந்த இராகத்துக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்.

இலங்கையர் தாங்களாகவே தகவல் கொட்டும் இடங்கள் சில உண்டு. நம் வழக்கப்படி பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து தந்தையின் பெயருடையது. முழுப் பெயரைக் கொடுத்துப் பதிவுசெய்தால் தந்தையின் பெயரும் சேர்ந்தே போய்விடுகிறது. “பதிவுக்கு” என்று அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுக்கவே வேண்டாம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. பிறந்த தேதியை ஓலை சொன்னது என்று வியக்குமுன் அட்டைப் பிரதி யார் கையில் இருந்தது என்று யோசிக்கவேண்டும். வாட்சப் படம், கூட வரும் அம்மா தலையாட்டுவது, இவையும் கணக்கில் சேரும்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். வேறொருவரின் தொலைபேசி இலக்கத்திலிருந்து நேரம் எடுங்கள். சொந்தப் பெயர் மட்டும், முதலெழுத்து வேண்டாம். தனியே உள்ளே போங்கள். கேள்வி கேட்கும் பகுதி முழுவதையும் ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். நிலையங்கள் வழக்கமாகப் பதிவுசெய்து கொடுப்பது கடைசி வாசிப்பை மட்டும். ஆனால் சாட்சி இருப்பது முற்பாதியில். ஓலை “கிடைத்ததும்” அதைப் படம் எடுக்கக் கேளுங்கள். பிறகு தேநீர் குடித்துவிட்டு வந்து, அதே ஓலையை முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். எழுதிய செய்யுள் என்றால் சொல் மாறாமல் வரவேண்டும். பழைய ஏடுகளில் புள்ளி இடுவதில்லை, எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது, ஆகவே ஓரிரு சொல் தடுமாறலாம். முழு அடியே மாறினால் அவர் ஓலையை வாசிக்கவில்லை. படத்தை ஏட்டுச்சுவடி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

முன்கூட்டியே எழுதிவைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு மறுபிறவி ஆய்விலேயே உதாரணம் இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன், முற்பிறவி நினைவிருப்பதாகச் சொன்ன பிள்ளைகளைத் தேடி இலங்கைக்கும் வந்தார். 1977இல் இலங்கைச் சம்பவங்கள் பத்தைத் தனித் தொகுதியாக வெளியிட்டார். அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஒரு விடயத்தில் அவர் கறாராக இருந்தார்: பிள்ளையின் குடும்பமும் முற்பிறவிக் குடும்பம் எனப்படுவதும் சந்திக்குமுன் பிள்ளை சொன்னது எழுத்தில் இருந்தால்தான் அது வலுவான சான்று. அப்படிப்பட்ட சம்பவங்கள் அரிது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாடி அறையில் எழுத்து முன்னால் இருந்தது என்பதுதான் மொத்த உரிமைகோரலும். அதைச் சோதிக்க விடாவிட்டால் காசு கொடுக்க என்ன இருக்கிறது?

இனிக் காண்டங்கள், அதாவது வாசிப்பின் தனித்தனிப் பகுதிகள். பொதுக் காண்டம் ஒரு தடவை கேட்கலாம், வேடிக்கைக்கு. இரண்டு முதல் பதினொன்று வரை, கல்வி, உடன்பிறப்பு, தாய், பிள்ளை, நோய், கலியாணம், ஆயுள், தந்தை, தொழில், இலாபம் எல்லாம் சாதாரண சாதகக் குறிப்பில் வருவதுதான். ஊர்ச் சாத்திரியார் குறைந்த செலவில் சொல்லிவிடுவார். எட்டாவதான ஆயுள் காண்டத்தை மட்டும் வீட்டில் நோயாளி இருந்தால் தொடவே வேண்டாம்.

சரக்கு இருப்பது பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும். பன்னிரண்டாவது விரயம், வெளிநாடு, அடுத்த பிறவி. பதின்மூன்றாவது சாந்தி காண்டம்: முற்பிறவிப் பாவம், அதற்குப் பரிகாரம். பதினான்கு தீட்சை காண்டம்: மந்திர செபம், ரட்சை என்ற காப்புத் தாயத்து. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பதின்மூன்றிலிருந்து கட்டணத்தோடு “செய்விக்கும் செலவு” ஒன்றும் சேர்கிறது. தமிழ்நாட்டில் இன்ன கோயிலில் இத்தனை நாள் பூசை, அன்னதானம், தகடு. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் உங்கள் பெயரால் நடக்கும் பூசை நடந்ததா என்று பார்க்க வழியில்லை. கேதீச்சரமும் கோணேச்சரமும் தேவாரம் பாடப்பெற்ற தலங்கள், ஒரு நாள் பயணத்தில் நம் நாட்டிலேயே இருக்கின்றன. ஓலை ஏனோ பாக்குநீரிணையைத் தாண்டியே கைகாட்டுகிறது.

பாவங்களின் சொற்களையும் கவனியுங்கள். “ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துக் கைவிட்டாய்”, “பங்காளியின் சொத்தை அபகரித்தாய்”. யாருக்கும் பொருந்தும், யாராலும் மறுக்க முடியாது. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட புள்ளியின் சராசரி 5க்கு 4.26. அந்தத் தாளிலாவது இந்தப் பிறவி இருந்தது.

இங்கேதான் பெரிய பழுது. பாடசாலையில் சைவநெறி படித்தவர்களுக்குச் சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம் என்ற மூன்று வினைகளும் தெரிந்திருக்கும். சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இன்று புதிதாக ஈட்டுவது. வாழ்க்கைக்கு மறுபிறவிக் கொள்கை ஏதாவது பொருள் தருகிறது என்றால் அது மூன்றாவதில்தான் இருக்கிறது: இன்று செய்வது வீணாகாது. நாடி அறையில் மூன்றாவது பேச்சுக்கே வருவதில்லை. கண் எல்லாம் இரண்டாவதில், அதுவும் தண்டப்பணமாக. சைவ சித்தாந்தத்தில் பிராரத்துவம் தண்டனை அல்ல, உயிரைப் பற்றிய அழுக்கான மலம் பழுக்க இறைவன் கொடுக்கும் மருந்து. முடிவு இருவினையொப்பு, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே மாதிரி ஏற்கும் பக்குவம். மருந்தைக் காசு கொடுத்துத் தவிர்த்துவிடலாம் என்று விற்றால் கொள்கையே தலைகீழாகிவிடுகிறது.

“நினைவே இல்லாத குற்றத்துக்கு நான் ஏன் அனுபவிக்கவேண்டும்” என்று கேட்பவருக்கும் மருந்து என்ற விளக்கம் ஓரளவு பதில் சொல்கிறது. தண்டம் என்ற விளக்கத்திடம் பதிலே இல்லை. பக்கத்து வீட்டுப் பௌத்தருக்கு இன்னும் சிக்கல். அழியாத ஆன்மா என்று ஒன்றே இல்லை என்ற கொள்கையில் “நீ அன்று செய்தாய்” என்ற சொல்லின் “நீ” யார்? இதையெல்லாம் வாசிப்பவரிடம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தாயிடம் “முற்பிறவியில் நீ செய்தது” என்று சொல்லும்போது அவளுடைய மீதி வாழ்க்கையின் பொருளையே ஒரு வசனத்தில் மாற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே பதின்மூன்றாம் காண்டத்துக்கு எங்கள் புள்ளி பூச்சியம். கேட்டுவிட்டு வந்து நித்திரை இல்லாமல் தவிப்பவருக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. காசு விவகாரத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, 1977. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால்தான் அங்கே பேச ஏதாவது இருக்கும்.

பன்னிரண்டாம் காண்டத்தில் அதிகம் மகிழ்விக்கும் வசனம் “உனக்கு மறுபிறவி இல்லை” என்பது. காரைக்கால் அம்மையார் பிறவாமையை இறைவனிடம் இரந்து கேட்டார். பிறந்தாலும் மறவாமை வேண்டும் என்று இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டார். அப்பரோ தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியைக் காண முடியுமென்றால் மனிதப் பிறவியும் வேண்டியதுதான் என்றார். இருவருக்கும் பிறவி விடயத்தில் சொந்த விருப்பம் இருந்தது. இங்கே அது கட்டணப் பட்டியலில் ஒரு வரி.

அந்த வசனம் உங்களுக்கு வந்தால் வாசிப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “இது கடைசிப் பிறவி என்று பன்னிரண்டு சொல்கிறது. அப்படியென்றால் பதின்மூன்றில் இத்தனை பாக்கி ஏன்?” அது தீட்சை காண்டத்தில்தான் தெரியும் என்று பதில் வரலாம். அதற்குக் கட்டணம் வேறு.