மறுபடி ரீஃப் டேங்க்: ஹாலைடா, டி5-ஆ, எல்இடியா? சென்னை வீட்டுக்கு எது சரிப்படும்

பத்து வருஷம் முன்னாடி ரீஃப் டேங்க், அதாவது உப்புத் தண்ணில பவளம் வளக்குற தொட்டி வச்சிருந்து, நடுவுல வேலை, வீடு மாத்துறது, கொழந்தைங்கன்னு விட்டுட்டு, இப்போ திரும்ப ஆரம்பிக்கலாம்னு வர்றவங்க கிட்ட இருந்து மொதல்ல வர்ற கேள்வி லைட்டப் பத்தி தான். அவங்க விட்டுட்டுப் போனப்போ 250 வாட் மெட்டல் ஹாலைடு பல்ப் இல்லன்னா ஆறு டியூப் டி5 (ஒல்லியான ஃப்ளோரசன்ட் டியூப்), இந்த ரெண்டுக்கும் தான் போட்டி, எல்இடில கோரல் (பவளம்) வளருமான்னு சண்டையே நடக்கும். இப்போ சென்னைல மீன் கடைங்க இருக்குற கொளத்தூர்ல ஏறி இறங்குனா கண்ணுல படுறது எல்லாமே எல்இடி தான். அதனால எதுக்கு ஒப்பீடு, எல்இடி வாங்கிட்டுப் போக வேண்டியது தானேன்னு தோணும். ஆனா பழைய ஹாலைடு செட் இன்னும் பரண்ல கிடக்கு, யாரோ ஒருத்தர் டி5 ஃபிக்சர் கம்மி விலைக்குத் தர்றேங்கிறார், எல்இடிலயே ஐயாயிரத்துல இருந்து அரை லட்சம் தாண்டியும் இருக்கு, அப்போ குழப்பம் வரத்தான செய்யும்.

என்னக் கேட்டா, லைட்ட விட்டுட்டு மொதல்ல என்ன பவளம் வைக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க. நம்ம ஊர்ல அந்த முடிவுல பாதிய சட்டமே பண்ணிடுது. 2001ல வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல (தொடக் கூடாத உயிர்களோட பட்டியல்) எல்லா ஸ்க்லெராக்டினியா பவளத்தையும் சேத்துட்டாங்க, கூடவே கருப்புப் பவளம், ஆர்கன் பைப், ஃபயர் கோரல், கடல் விசிறியும் இருக்கு. அக்ரோபோரா, மான்டிபோரா மட்டும் இல்ல, ஹேமர், டார்ச், பிரெயின் கோரல்னு கல் எலும்புக்கூடு கட்டுறது எல்லாமே ஸ்க்லெராக்டினியா தான். கடல்ல இருந்து எடுத்த லைவ் ராக்கும் (உயிருங்க ஒட்டியிருக்குற பாறை) செத்த பவளம்ங்கிறதால அதையும் தொட வேணாம். கடல் குதிரை, கடல் அட்டை, ட்ரைடாக்னா கிளாம்ல சில வகை, இதுங்களையும் அதே சட்டம் பாதுகாக்குது. மன்னார் வளைகுடால 2010லயும் 2016லயும் பவளம் வெளுத்துப் போனத பாத்தவங்களுக்கு இந்தச் சட்டத்து மேல கோவம் வராது, எனக்கும் வரல. அப்போ வீட்டுல வைக்க மிஞ்சுறது மென் பவளங்க: லெதர், மஷ்ரூம், ஸோவான்தஸ் (சுருக்கமா ஸோவா), ஸீனியா, கென்யா ட்ரீ. இதையும் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டு, இன்னொரு ஹாபியிஸ்ட் டேங்க்ல வளந்து வெட்டி எடுத்த துண்டா (ஃப்ராக்) வாங்கிக்கிறது நல்லது.

இந்த ஒரு விஷயத்துல லைட் கணக்கே மாறிடுது. பவளத்துக்குப் பயன்படுற வெளிச்சத்த அளக்குற அளவு பார். அக்ரோபோராவுக்கு 250, 300 பார் வேணும், அதுக்கு மேலயும் போவாங்க. மஷ்ரூமுக்கு 50ல இருந்து 100 போதும், லெதர், ஸோவாக்கு 80ல இருந்து 150. பழைய புத்தகமும் பழைய பழக்கமும் நமக்குக் கத்துக் குடுத்தது எல்லாம் கல் பவளத்துக்கான லைட்டு. மென் பவளம் வைக்கிறவர் அந்தக் கணக்குல லைட் வாங்குனா காசும் வேஸ்ட், பவளமும் கருகும்.

சரி, மூணு அடி டேங்க்னு வச்சுப்போம், 36க்கு 18க்கு 18 இஞ்ச், சுமாரா 190 லிட்டர். இப்போ ஒவ்வொண்ணா பாப்போம்.

மெட்டல் ஹாலைடு. அழகுன்னு வந்துட்டா இன்னிக்கும் இது தான், தண்ணி அசையறப்போ மணல் மேல ஓடுற அந்த வெளிச்சக் கோடு, மதியம் முட்டிக்கால் ஆழத் தண்ணில நின்னு கீழ பாத்தா தெரியுமே, அப்படியே அது. வளர்ச்சியும் சந்தேகமே இல்ல. ஆனா சென்னைல இது வேணாம், அதுக்கு மொதக் காரணம் சூடு. 250 வாட் பல்ப், நீலத்துக்கு கூட ரெண்டு 39 வாட் டி5, பேலஸ்ட் (பல்புக்கு கரண்ட கட்டுப்படுத்துற பெட்டி) இழப்ப சேக்காமலே மொத்தம் 330 வாட்ட நெருங்கும், அது அத்தனையும் கடைசில சூடா ரூமுக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் தான் போகும். ரெண்டாவது கரண்ட் கட். ஹாலைடு பல்ப் சூடா இருக்குறப்போ அணைஞ்சா ஒடனே திரும்ப எரியாது, ஆறணும், பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், ஒரு மதியத்துல மூணு தடவ கரண்ட் போய்ப் போய் வந்தா பல்ப் ஆயுசும் போகும் டேங்க்கும் இருட்டுல நிக்கும். அப்புறம் புற ஊதாக் கதிர தடுக்குற அந்த யூவி கண்ணாடி. பல்புக்குக் கீழ இருக்குற கண்ணாடில உப்புத் துளி தெறிச்சு, அங்கேயே சூட்டுல காஞ்சு, வெள்ளையா ஏடு மாதிரி ஒட்டிக்கும், விரல் நகத்துல சொரண்டுனாலும் வராது, வினிகர் துணி வச்சு ஊற வைக்கணும். ஒரு மாசம் விட்டா வெளிச்சம் நல்லாவே கொறையும். கண்ணாடி இல்லாம டபுள் எண்டட் பல்ப் (ரெண்டு முனையிலயும் மாட்டுறது) போடவே கூடாது, பவளமும் வெந்துடும், நம்ம கண்ணுக்கும் கேடு. பரண்ல இருக்குற செட் ஓசின்னாலும் வருஷத்துக்கு ஒரு பல்ப் மாத்தணும், அந்த பல்ப எங்க போய்த் தேடுறது?

டி5 பத்தி எனக்கு இன்னும் மரியாதை உண்டு. வெளிச்சம் டேங்க் முழுக்க ஒரே சீரா விழும், நிழலே இருக்காது, பவளத்தோட அடிப்பக்கம் வரைக்கும் வெளிச்சம் போகும், இதுல எல்இடி இன்னும் கொஞ்சம் பின்னாடி தான். மூணு அடிக்கு 39 வாட் டியூப், ஏடிஐ கம்பெனியோட ப்ளூ பிளஸ், கோரல் பிளஸ்னு கலந்து போட்டா கலர் பிரமாதமா வரும். ஆனா அந்தச் சீரான வெளிச்சம் ரொம்பத் தேவைப்படுறது கிளை கிளையா போற கல் பவளத்துக்கு, நிழல் விழுந்த கிளை செத்துரும் அதனால. தட்டையா படர்ற மஷ்ரூமுக்கும் ஸோவாக்கும் அந்த அளவுக்கு அவசியம் கெடையாது. டியூப் விஷயம் இன்னொண்ணு: ஒன்பதுல இருந்து பன்னெண்டு மாசத்துல ஸ்பெக்ட்ரம் (வெளிச்சத்துல நிறங்களோட கலவை) மாறிடும், மாத்தியே ஆகணும், கண்ணாடிக் குழாய வெளிநாட்டுல இருந்து கூரியர்ல வரவழைச்சு ஒடையாம வந்து சேரணும். ஐரோப்பால 2023 ஆகஸ்டோட சாதாரண டி5, டி8 டியூப் புதுசா சந்தைக்கு விடுறத நிறுத்திட்டாங்க, பாதரசம் பத்தின மினமாட்டா ஒப்பந்தத்துலயும் பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் டியூப் தயாரிப்ப 2027க்குள்ள நிறுத்தணும்னு முடிவாயிருக்கு. மீன் தொட்டி டியூப் தனி ரகம், நேரா இதுல சிக்காது தான், ஆனாலும் ஊர் உலகமே மூடிட்டு வர்ற ஒரு லைன்ல இப்போ புதுசா ஃபிக்சர் வாங்க எனக்கு மனசு வரல. பக்கத்துல யாராவது புது டியூபோட சேத்துக் குடுத்தா ஒரு வருஷம் ஓட்டலாம், அவ்ளோ தான்.

கரண்ட் கணக்கும் பாத்துடுவோம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ரெண்டு மாச ஈபி பில்லுக்கு: ஹாலைடு செட் 158 யூனிட் பக்கம், ஆறு டியூப் டி5 112 யூனிட், எல்இடி ரெண்டு சின்ன லைட் சேந்து 60 வாட்ல ஓடுனா 29 யூனிட். ஏற்கனவே 450 யூனிட் ஓடுற வீடுன்னா ஹாலைடு சேந்ததும் 500 தாண்டி அடுத்த ஸ்லாப்ல போய் நிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் வெல ஜாஸ்தி. இதுல சில்லர் (தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) எக்ஸ்ட்ரா ஓடுறது சேக்கல.

ஸோ எல்இடி தான், ஆனா எந்த எல்இடி? இங்க தான் நெறய பேர் சறுக்குறாங்க. நாலு வகையா பிரிச்சுக்கலாம்.

பிளாக் பாக்ஸ்னு சொல்ற 165 வாட் சைனா பெட்டி, ரெண்டு சேனல், நீலம் ஒண்ணு வெள்ளை ஒண்ணு, விலை ரொம்பக் கம்மி. மென் பவளம் இதுல வளரும், அதுல பொய் இல்ல. ஆனா லென்ஸ் குறுகலானது, நேர் கீழ 300 பார் அடிக்கும், ஓரத்துல 40 தான் இருக்கும். ஃபேன் சத்தம் ஹால்ல இருக்குற டேங்க்குக்கு ஒத்து வராது. டிம்மர் இல்லாத மாடல்னா தொடவே தொடாதீங்க.

ஏஐ பிரைம் 16எச்டி, 55 வாட் சொச்சம், கை அளவு தான் இருக்கும், கலர் ஒவ்வொண்ணையும் ஃபோன்லயே மாத்திக்கலாம், ஷெட்யூல் போடலாம். மூணு அடிக்கு ரெண்டு வேணும். கொறன்னா ஓரங்கள்ல சிவப்பு பச்சைன்னு தனித்தனி நிறமா நிழல் விழும், பாக்க டிஸ்கோ மாதிரி இருக்கும், சிவப்பையும் பச்சையையும் கொறச்சு வச்சா போயிடும். கெஸில் ஏ360எக்ஸ், 90 வாட், எல்லா எல்இடியையும் ஒரே புள்ளியா நெருக்கி வச்சிருக்கறதால ஹாலைடு மாதிரியே அந்த வெளிச்சக் கோடு வரும், கலர் பிரியாது. ரெண்டு குமிழ், ஒண்ணு நிறத்துக்கு ஒண்ணு பிரகாசத்துக்கு, ஆப் பிடிக்காதவங்களுக்கு இது நிம்மதி. ஹாலைடு அழகுக்கு ஏங்கிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு நான் கெஸில் தான் சொல்வேன். ரேடியான், ஓர்ஃபெக் மாதிரி பெரிய பவர் எல்இடி எல்லாம் அருமையான சாமான் தான், ஆனா மென் பவளத்துக்கு அந்த பவர்ல பாதிகூட தேவப்படாது, அந்தக் காசுக்கு இந்த டேங்க்ல வேற வேலை இருக்கு.

ஒண்ணு பெருசா வாங்குறதா ரெண்டு சின்னதா வாங்குறதான்னா கண்ண மூடிட்டு ரெண்டு சின்னது. நிழல் கொறையும், ஒண்ணு ரிப்பேர் ஆகி சர்வீஸுக்குப் போனாலும் இன்னொண்ணு வச்சு ஓட்டலாம், வெளிநாட்டு பார்ட்ஸ் வர வாரக்கணக்குல ஆகுற ஊர்ல இது பெரிய விஷயம்.

நீல எல்இடி நம்ம கண்ண ஏமாத்தும், மங்கலா தெரியுதேன்னு ஏத்திக்கிட்டே போவோம், உள்ள பார் எகிறியிருக்கும். நல்ல பார் மீட்டர், அப்போஜி எம்க்யூ 510 மாதிரி, வெல ரொம்ப ஜாஸ்தி, யார்கிட்டயாவது ஒரு நாள் எரவல் வாங்கிப் பாத்தா போதும். அது கெடைக்கலன்னா பவளமே சொல்லும். மஷ்ரூம் தட்டு விரிஞ்சு பாறையோட படிஞ்சு இருந்தா சரியா இருக்கு. ஓரம் மேல சுருண்டு, தட்டு சின்னதாயி, நிறம் வெளிறி, நாளாக ஆக பாறையோட நிழல் பக்கமா நகந்துச்சுன்னா வெளிச்சம் ஜாஸ்தி. ஸோவா காம்பு நீண்டு நீண்டு கழுத்த நீட்டி மேல எட்டிப் பாத்துச்சுன்னா கம்மி. பாதி பவர்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு அஞ்சு சதவீதம் ஏத்துனா இத எல்லாம் பாத்துப் பாத்து நிறுத்திக்கலாம். லெதர் மட்டும் ஒரு வாரம் மூடிக்கிட்டு மேல மெழுகு மாதிரி பளபளன்னு தோல் கட்டும், அது தோல் உரிக்கிறது, லைட்ட மாத்தாதீங்க.

லைட்ல மிச்சமான காசு போக வேண்டிய இடம் கூலிங். நம்மூர்ல ஹீட்டர் வாங்குற பேச்சே இல்ல. ஃபேனா சில்லரான்னா, ஊரப் பொறுத்தது. ஃபேன் தண்ணிய ஆவியாக்கித் தான் குளிர வைக்குது, அதனால கோயம்புத்தூர், மதுரை மாதிரி வறண்ட காத்துல ரெண்டு மூணு டிகிரி ஈஸியா எறக்கும். சென்னைல கடல் காத்து திரும்புன ஒடனே புழுக்கம் ஏறி ஃபேன் சும்மா சுத்தும். எல்இடி போட்டா கார்த்திகை, மார்கழி எல்லாம் ஃபேன்லயே ஓடிடும், ஆனா கத்திரி வெயில்ல தண்ணி 31, 32க்குப் போயிடும், நமக்கு வேண்டியது 25ல இருந்து 27. அதுனால சென்னைல சில்லர் கட்டாயம்னு தான் சொல்வேன், கம்பெனி சொல்ற அளவுக்கு ஒரு சைஸ் பெருசா எடுங்க, அவங்க போடுற கணக்கு 40 டிகிரி வெயிலுக்கு இல்ல. அத ஸ்டாண்டுக்குள்ள அடைச்சு வச்சா தன்னோட சூட்டையே தான் திரும்ப இழுக்கும், பைப்ப நீட்டி பால்கனில வச்சிடுங்க. ஃபேன் ஓடுற மாசத்துல தெனம் மூணு நாலு லிட்டர் ஆவியாகும், கைல ஊத்துனா உப்பு ஏறி எறங்கும், கொறஞ்ச தண்ணிய தானா ஊத்துற ஆட்டோ டாப் ஆஃப் ஒண்ணு வச்சிடுங்க.

ஊத்துற தண்ணி கேன் தண்ணியா இருக்கக் கூடாது. குடிக்க நல்லா தான் இருக்கும், கரைஞ்ச உப்ப காட்டுற டிடிஎஸ் மீட்டர விட்டுப் பாத்தா ஜீரோ காட்டாது. ஆர்ஓ ஃபில்டர் கூட, மிச்ச உப்பையும் புடிக்கிற டிஐ ரெசின் சேந்து ஜீரோ வரணும். கடல் தண்ணியா சால்ட் மிக்ஸாங்கிற போட்டில, நான் சால்ட் மிக்ஸ் பக்கம். கரையோரத் தண்ணில ஐப்பசி கார்த்திகை மழைக்கு உப்பு நல்லா எறங்கிடும், கூவம், அடையாறு முகத்துவாரம் பக்கத்துல வேற இருக்கு. ஆழத்துல இருந்து போட்ல கொண்டு வர்ற தண்ணி கெடைச்சா யோசிக்கலாம், அப்பவும் உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 இருக்கான்னு பாக்காம ஊத்தாதீங்க.

தண்ணிய ஓட வைக்கிற வேவ்மேக்கர்ல, வோர்டெக் எம்பி10க்கு மோட்டார் டேங்க்குக்கு வெளிய இருக்கும், சூடும் கரண்டும் தண்ணிக்குள்ள போகாது, அருமையான டிசைன். ஆனாலும் இந்த டேங்க்குக்கு ரெண்டு ஜெபாவ் வேவ்மேக்கர் வாங்கி எதிர் எதிரா வைப்பேன், மணிக்கு மூவாயிரம் நாலாயிரம் லிட்டர் ஓட்டம் போதும். ஒண்ண வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல மாட்டிடுங்க, கரண்ட் போனா மொதல்ல தீர்ற விஷயம் ஆக்சிஜன் தான், சூடான தண்ணில அது ஏற்கனவே கம்மி.

ஸ்கிம்மர் (நுரை மூலமா கழிவ எடுக்குறது) நடுத்தரமானது ஒண்ணு போதும், பெரும்பாலும் காத்து கலக்குறதுக்கு. மென் பவளத்துல அதவிட முக்கியம் ஆக்டிவேட்டட் கார்பன், ஏன்னா லெதர் தண்ணில ரசாயனம் விட்டு பக்கத்துல இருக்குறதுங்கள அமுக்கப் பாக்கும். மாசா மாசம் கார்பன மாத்துங்க. பத்து வருஷம் முன்னாடி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஜீரோவா இருக்கணும்னு உயிரக் குடுத்தோமே, அந்தப் பழக்கத்த இதுல கொண்டு வராதீங்க. மென் பவளம் அத சாப்புட்டு தான் வாழுது, ஜீரோ பண்ணா பழுப்புக் கலர்ல நூல் நூலா குமிழியோட டைனோஃப்ளாஜலேட்ங்கிற நுண்ணுயிர் வந்து பாறைய மூடிடும். செராமிக் பாறைல புதுசா ஆரம்பிக்கிற டேங்க்ல இது இன்னும் சீக்கிரம் வரும். நைட்ரேட் 5ல இருந்து 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03ல இருந்து 0.1 பிபிஎம் இருந்தா விட்டுடுங்க. ஸோவா ஃப்ராக வெட்டுறப்போ கையுறையும் கண்ணுக்கு கண்ணாடியும் போட்டுக்கோங்க, அதுல இருக்குற பாலிடாக்சின் விஷம் வெளையாட்டு இல்ல.

வாங்குற வரிசைன்னு கேட்டா ஆர்ஓ டிஐ, சில்லர், வேவ்மேக்கர், அப்புறம் தான் லைட். டேங்க் சைக்கிள் ஆகுற (கழிவ சமாளிக்கிற பாக்டீரியா வளர்ற) ஒண்ணு ரெண்டு மாசமும் லைட்டே தேவையில்ல, போட்டா பாசி தான் வளரும், அதுக்குள்ள நல்ல விலைல ரெண்டு கெஸிலோ பிரைமோ கண்டிப்பா மாட்டும்.