சமதளச் சதுப்பில் கம்பிவட இழுவை: பல பருவம் ஓட்டிய பிறகு

மலேசியாவின் பகாங், சரவாக் பக்கத்து பீட் மண் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்) காடுகளில் கம்பிவடம் கட்டி மரம் இழுப்பவர்கள் முதலில் விசாரிப்பது வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரமான வின்ச்சின் குதிரைத்திறனைத்தான். ஆனால் வேலை நிற்பது பெரும்பாலும் வின்ச்சால் அல்ல. வடத்தின் உயரம் போதாமலும், அதைக் கட்டிய அடிமரம் (வெட்டிய மரத்தின் வேரோடு நிற்கும் அடிக்கட்டை) பிடுங்கிக்கொண்டு வருவதாலும்தான்.

மலையில் பள்ளத்தாக்கே வடத்துக்குத் தொய்வு கொடுத்துவிடும். சமதளத்தில் அந்தத் தொய்வுக்கு இரு முனையையும் உயர்த்திக் கட்ட வேண்டும். 200 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் தொய்வு என்றால், கட்டையின் முன்முனை தரையை விட்டு எழ வடத்தை 14, 15 மீட்டர் உயரத்தில் கட்டியாக வேண்டும். நடுவில் 2 டன் தொங்கினால் வடத்தில் 10 டன் இழுவிசை. 22 மி.மீ. வடத்தின் சொந்த எடைக்கு இன்னும் 1 டன். அந்த வடம் அறுவது 30 டன் வாக்கில். மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்தால் 10 டன்தான் கணக்கு. ஆகவே 2 டன் கூடாது, ஒன்றரையோடு நிறுத்துவதே சரி. கட்டை தரையில் உரசுகிறதே என்று வடத்தை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தொய்வு 5 மீட்டராகக் குறைந்தால் இழுவிசை இரட்டிப்பாகிவிடும். உரசினால் கட்டையைக் குட்டையாக அறுங்கள்.

வடம் கட்ட, இந்தச் சதுப்புக் காட்டின் பெருமரமான பருத்த ஆலான் கண்ணை இழுக்கும். பெரிய ஆலான்களில் உள்ளே பொந்து சகஜம்; கோடாரியால் தட்டி ஓசை பார்க்காமல் கட்டக் கூடாது. பீட் மண்ணில் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவுவதால், வடம் கட்டிய மரம் சாயாமல் பின்னாலிருந்து பிடிக்கும் தாங்குவடத்தை ஒரே அடிமரத்தில் நம்பி முடியக் கூடாது. மூன்று நான்கு அடிமரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, அடிமரத்தில் வடம் பதிய வெட்டும் பள்ளம் தரையை ஒட்டி இருக்கும்படி கட்ட வேண்டும். தாங்குவடம் தரையோடு 45 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் மரத்தைக் கீழே அமுக்குமே ஒழிய பின்னால் பிடிக்காது. கட்டையைப் புதைத்து நங்கூரமாக்கும் வழி இந்த ஈர மண்ணில் வீண் வேலை.

இத்தனை தொல்லைக்கு, பெரும்பாலான இடங்களில் எக்ஸ்கவேட்டரில் வின்ச் பூட்டி 100 மீட்டர் சுற்றுக்குள் இழுப்பதே தேவலை. எக்ஸ்கவேட்டரின் கையை உயர்த்திவிட்டால் அதுவே குட்டைக் கோபுரம். இயந்திரத்தின் அடியில் உருளைக் கட்டைகளைக் குறுக்கே அடுக்கிவிட்டு, சங்கிலித்தடம் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஒரு பக்கம் அமிழ்ந்து சாயும்.

தரை இழுவையில் கட்டையின் மூக்கு சேற்றில் குத்தி, மூச்சுவேர்களில் (சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள்) மாட்டும். மூக்கைச் சுற்றிலும் சரிவாகச் சீவினால் பாதித் தொல்லை போகும். அமெரிக்காவில் லூசியானாவின் சைப்ரஸ் மரச் சதுப்புகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படகில் நீராவி வின்ச் வைத்து இழுத்தவர்கள், இதற்காகக் கூம்பு வடிவ இரும்புத் தொப்பியே மாட்டினார்கள். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப இழுத்ததால் விழுந்த பள்ளங்கள், சக்கரத்தின் ஆரக்கால்போல, அங்கே இன்றும் வானிலிருந்து தெரிகின்றன. பீட் மண்ணிலும் அதே கதிதான்: தடம் வாய்க்காலாகி நீரை வடித்துவிடும், காய்ந்த பீட் தீப்பிடிக்கும். தடம் குழியத் தொடங்கியதுமே மாற்றுங்கள்.

வடத்தின் முனையை மடக்கிப் பிடிக்கும் கிளிப்பில் யூ போல்ட் (U வடிவ முடுக்காணி) பாரம் ஏறாத குட்டை முனைமேல் அமர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பி நசுங்கும். கப்பியின் விட்டம் வடத்தைப்போல் 20 மடங்காவது இருக்கட்டும்.

இந்தக் காட்டின் வெளிர் நிற மரமான ராமினை மட்டும் அன்றன்றைக்கு இழுக்க முடிந்த அளவே சாய்க்க வேண்டும். வெட்டிப் போட்டு வடம் சரிசெய்துகொண்டிருந்தால், சில நாட்களிலேயே நீலக்கறை (பூஞ்சையால் வரும் கறை) ஏறி விலை போய்விடும்.